நுரை நிற்கும் நேரம்



இலக்கியத் தொடரொன்றில் மதுவின் நுரையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், தமிழாசிரியருக்கு இது என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மதுவைத் தொடாத குடும்பத்திலே பிறந்தவன் நான். திருகோணமலையில் இருபது ஆண்டுகளாகக் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மாணவருக்குக் கற்பித்து வருகிறேன். அப்படிப்பட்ட நான் இந்தப் பொருளைத் தேடிச் செல்லவில்லை. என் பழைய மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பொய்யான பதிலே என்னை இதனிடம் இழுத்து வந்தது.

அவன் இப்பொழுது உப்புவெளிக் கடற்கரையில் உல்லாச விடுதியொன்றில் பரிசாரகனாக இருக்கிறான். ஒரு மாலை என்னைக் காண வந்தவன், விடுதியில் தங்கியிருந்த ஆங்கிலேயர் ஒருவரைப் பற்றிச் சொன்னான்.

“சேர், அவர் தன்ர வீட்டிலயே பியர் வடிக்கிறவராம். ருசி நல்லா வருதாம். ஆனா மேல நிக்கிற நுரை மட்டும் ரெண்டு நிமிசத்தில படுத்திடுதாம். அதை நிப்பாட்ட மூண்டு வருசமாப் பாடுபடுறாராம். சேர், எங்கட ஆக்களும் முந்தி வீட்டில இப்பிடி ஏதும் வடிச்சவையோ?”

“இல்லைத் தம்பி. எங்கட மது மரத்தில இறக்கிற கள்ளுத்தான். வீட்டில வடிக்கிற வழக்கம் எங்களிட்ட இருக்கேல்லை” என்றேன்.

அவன் போய்விட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், நான் சொன்னது பொய். அது பொய்யென்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பொய்யை ஏன் சொன்னேன் என்பதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் அந்த ஆங்கிலேயரின் கவலையைப் பார்ப்போம். நுரை என்பது என்ன? நீர்மத்தின் மெல்லிய படலங்களுக்குள் வாயு அடைபட்டு நிற்பதுதான் நுரை. பியரில் அந்த வாயு காபனீரொட்சைட்டு. தானியத்திலிருந்து வந்த சர்க்கரையை மதுவம் உண்ணும்போது பிறப்பது அது. பிறந்த நுரை மூன்று வழிகளில் அழிகிறது. குமிழிகளுக்கு இடையிலுள்ள நீர் கீழே வடிந்து படலம் மெலிகிறது. மெலிந்த படலம் கிழிய, அடுத்தடுத்த குமிழிகள் ஒன்றாகின்றன. சிறு குமிழியின் வாயு படலத்தை ஊடுருவிப் பெருங்குமிழிக்குள் செல்ல, சிறியது மறைந்து பெரியது வீங்கி வெடிக்கிறது.

இந்த அழிவைத் தாமதப்படுத்துவன இரண்டு. ஒன்று, முளைவிட்ட பார்லித் தானியத்தின் புரதம். அது குமிழியைச் சுற்றித் தோல் போலப் படிந்து தாங்குகிறது. மற்றது ஹொப் என்னும் கொடியின் பூவிலுள்ள கசப்புப் பொருள். அது அந்தப் புரதங்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. அதனாலேதான் கசப்பு மிகுந்த பியரின் நுரை கிண்ணத்தின் உட்சுவரில் சரிகை போல ஒட்டி நிற்கிறது. வீட்டில் வடிப்போர் முளைத்த கோதுமையையும் ஒரு பங்கு சேர்ப்பது புரதம் கருதியே. சில கருநிற பியர்களில் நைதரசன் வாயுவைச் செலுத்துவதும் உண்டு. அது நீர்மத்தில் எளிதில் கரையாது. ஆகையால் குமிழிகள் நுண்ணியனவாய்ப் பிறந்து நெடுநேரம் நிற்கின்றன.

இவ்வளவு செய்தாலும் நுரையைக் கணத்தில் கொல்லும் பகை ஒன்று உண்டு. அது எண்ணெய்ப்பசை. கிண்ணத்திலே ஒட்டிய துளி நெய்யோ, குடிப்பவர் உதட்டிலுள்ள கொழுப்போ, சரியாகக் கழுவாமல் எஞ்சிய சவர்க்காரமோ படலத்தில் கலந்தால், புரதத்தின் பிடி விட்டுப்போகிறது. என் மாணவனுக்கு விடுதியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதானாம். பியர் கிண்ணத்தைத் தனியாகக் கழுவ வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. கவிழ்த்து வைத்து உலரவிட வேண்டும்.

அவன் இதைச் சொன்னபோது எனக்கு என் அப்பப்பாவின் நினைவு வந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பிரித்தானியர் 1795ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். நாடு 1948இல் சுதந்திரம் பெற்ற பின்னரும் அவர்களது கடற்படைத் தளம் இங்கே இருந்தது. 1957இலேதான் அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்துறைமுகம் எவ்வளவு பரபரப்பாக இருந்தது என்பதை முதியோர் அறிவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. 1944 நவம்பரில் பிரித்தானியப் பசுபிக் கடற்படை இந்தத் துறைமுகத்திலேயே உருவாக்கப்பட்டது. கிழக்கே போரிட்ட மாலுமிகளுக்குப் பியர் கிடைக்கவில்லை என்ற குறை பெரிதாகப் பேசப்பட்டதால், மெனஸ்தியஸ் என்ற கப்பலின் உள்ளேயே மதுவடிசாலை ஒன்றை அமைத்தார்கள். கடல்நீரைக் காய்ச்சி வடித்த நன்னீரில் பியர் செய்யும் சாலை அது. அது வேலையைத் தொடங்கியபோது 1945ஆம் ஆண்டு முடியும் தறுவாய். போர் ஏற்கனவே முடிந்துவிட்டிருந்தது. பியர் அவர்களுக்கு வெறும் பானமன்று, ஊரின் நினைவு என்பதை விளக்க இந்த ஒரு செய்தியே போதும்.

அந்தத் துறைமுகத்தை அண்டி வாழ்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களதும் ஒன்று. அப்பப்பா இளைஞராய் இருந்தபோது துறைமுகப் பக்கத்து விடுதியொன்றில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தார். ஓர் இரவு விருந்தில் வார்த்த பியரின் நுரை உடனே இறங்கிவிட்டது. மறுபடி வார்த்தார்கள், மறுபடியும் இறங்கியது. விசாரித்தபோது, மீன் தட்டுகளைத் துடைத்த துணியாலேயே அப்பப்பா கிண்ணங்களையும் துடைத்திருந்தது தெரிய வந்தது. மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் அவர் கன்னத்தில் அறைந்தார். ஒரு கிழமைச் சம்பளமும் போயிற்று.

“நுரைக்காக ஆரும் மனுசனுக்கு அடிப்பாங்களோ, தம்பி?” என்று என் சிறு வயதில் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எதற்காக அடி வாங்கினார் என்பது அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. மது என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஒலிக்கக் கூடாதென்று அன்று தொட்டு விதித்துவிட்டார். மாணவனிடம் நான் சொன்ன பொய்யின் வேர் அங்கே இருக்கிறது.

இனி, அந்தப் பொய் எது என்பதைச் சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையை அறியாத இலக்கிய அன்பர்கள் இரார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடிய 500 அடிப் பாட்டு அது. பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்து மக்கள் என்ன உணவு தருவார்கள் என்பதை அடுக்கிக்கொண்டு போகிறான். வலைஞர் குடியிருப்பை அடையும்போது, அவர்கள் தரும் மதுவை எப்படிச் செய்கிறார்கள் என்பதை ஏழெட்டு அடிகளில் முழுமையாகச் சொல்லிவிடுகிறான்.

செய்முறை இதுதான். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகக் குழையத் துழாவிச் சமைக்க வேண்டும். அதனைப் பிழா என்ற அகன்ற வாயுடைய தட்டுப்பாத்திரத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறிய களியில் நல்லடை என்னும் நெல்முளையைக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியிலே வைத்து முதிரவிட வேண்டும். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து வடித்துக்கொள்ள வேண்டும். அந்த நறுமதுவைச் சுட்ட மீனோடு விருந்தாகத் தருவார்கள்.

இது கள்ளன்று. மரத்தில் ஊறும் சாறு எதுவும் இதிலே இல்லை. முளைவிட்ட தானியத்தால் மாப்பொருளை இனிப்பாக்கி, நொதிக்கவிட்டு எடுக்கும் பானத்துக்கு இன்றைய உலகம் வைத்திருக்கும் பெயர் பியர். இதே பாட்டிலே வேறோர் இடத்தில், வீட்டில் சமைத்த கள் என்ற பொருள்பட, தோப்பி என்ற சொல்லும் வருகிறது. நெல்லாற் செய்த கள் என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் அதற்குப் பொருள் கூறுவார். எங்கள் ஆட்கள் வீட்டில் வடித்தார்களா என்று கேட்ட மாணவனுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறென்ன வேண்டும்?

புலவர் சொல்லும் ஒவ்வொரு படியிலும் காரணம் இருப்பதைக் கவனியுங்கள். முளைக்கும் தானியத்தில் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியங்கள் பிறக்கின்றன. கொதிக்கும் களியில் அவற்றைப் போட்டால் வெப்பத்தில் அழிந்துவிடும். ஆகவேதான் முதலில் ஆற்ற வேண்டியிருக்கிறது. விரைவில் ஆற அகன்ற பாத்திரம் வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கள் குடிக்கப் பனையோலையால் கோலும் ஏனத்துக்குப் பிளா என்று பெயர். பிழாவையும் பிளாவையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான ஒன்று.

சரி, அந்த வலைஞர் வீட்டு மதுவின் நுரை நின்றிருக்குமா? ஆங்கிலேயரின் கணக்கை வைத்து நானே தீர்ப்புச் சொல்லிப் பார்த்தேன். பார்லியைவிட அரிசியில் புரதம் குறைவு. பியரில் அரிசியைக் கூட்டினால் நுரை மெலியும் என்பது இன்றைய வடிப்போரும் அறிந்ததே. தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் உண்டு. கசப்புப் பூ எதுவும் சேரவில்லை. போதாக்குறைக்குப் பக்கத்தில் சுட்ட மீன்! மீனின் நெய் படிந்த விரலும் உதடும் பட்ட இடத்தில் எந்த நுரைதான் தங்கும்? இரண்டே நாளில் வடித்த மது ஆதலால் நொதித்தல் அடங்காமல் அது பொங்கியிருக்கும். பொங்கிய வேகத்திலேயே இறங்கியும் இருக்கும்.

அது யாரையும் வருத்தியிருக்காது. மண்சாடியிலும் ஓலையிலும் குடிப்பவருக்கு நுரை எவ்வளவு உயரம் நிற்கிறதென்று பக்கவாட்டில் பார்க்க வழியில்லை. நமது கள்ளும் அப்படியே. முட்டியில் இறங்கிய சாறு சிறிது நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கும். மதுவம் வேலை செய்கிறது என்பதற்கு அந்த நுரை அடையாளம். அதை நிறுத்திப் பதநீராக்க வேண்டுமானால் சீவல் தொழிலாளி முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறான். நுரையை எப்படித் தடுப்பதென்று நம்மவர் யோசித்தார்கள். நிறுத்தி வைத்து அழகு பார்க்க யோசிக்கவில்லை.

நின்ற நுரையை மதுவின் தரமாகக் கொள்வது ஐரோப்பாவில் வளர்ந்த வழக்கம். பவேரியாவில் 1516ஆம் ஆண்டுக் கட்டளை பியருக்குப் பார்லியும் ஹொப்பும் நீரும் மட்டுமே ஆகும் என்று விதித்தது. கசப்புப் பூவின் ஆட்சி அவ்வாறு சட்டமாயிற்று. பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்ட பிறகு, மலிந்த கண்ணாடிக் கிண்ணம் சாதாரண மக்களின் கைக்கு வந்தது. பானத்தின் நிறமும் நுரையின் உயரமும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைத்தான் ஒரு நூற்றாண்டு கழித்து என் அப்பப்பா மீன்துணியால் துடைத்தார்.

ஆட்சி வந்த வழியிலேயே சட்டமும் வந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், மது வடிப்பதையும் கள் இறக்குவதையும் விற்பதையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டு வந்தது. கள் விற்கும் இடத்துக்கு நாம் இன்றும் வழங்கும் தவறணை என்ற பெயரே ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். மறுபுறத்தில், நுவரெலியாவின் பியர் வடிப்பு 1849இல் சாமுவேல் பேக்கர் தொடங்கியதிலிருந்து எண்ணப்படுகிறது. காலப்போக்கில் தவறணைக்குப் போனவன் இழிந்தவனாகவும், விடுதியில் பியர் அருந்தியவர் கனவானாகவும் ஆயினர். இரண்டும் நொதித்த பானமே. ஒன்றை இறக்கியவர் மரமேறும் உழைப்பாளி. மற்றதை வார்த்தவர் வெள்ளைத் துணியணிந்த பரிசாரகர். வேற்றுமை பானத்திலா இருந்தது?

பிரித்தானியாவிலும் வீட்டில் பியர் வடிக்க 1880 முதல் அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1963இல் அவர்கள் அதைத் தளர்த்திக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் 1978இல் இதற்கான சட்டம் கையெழுத்தானது. உப்புவெளிக்கு வந்தவர் தம் வீட்டு நுரையைப் பற்றி வெளிப்படையாகக் கவலைப்பட முடிவது அதனாலேதான்.

இந்த இடத்தில் இன்னொரு நாட்டின் செய்தியையும் சொல்ல வேண்டும். மெசொப்பொத்தேமியாவின் சுமேரியர் நின்காசி என்னும் மதுத் தெய்வத்தைப் போற்றிய பாடலொன்று களிமண் ஏடுகளில் கிடைத்தது. ஏறத்தாழ 3800 ஆண்டுப் பழமையுடைய அந்தப் பாடலிலும் முளைத்த தானியத்தால் மது வடிக்கும் முறை வருகிறது. மிகெல் சிவில் என்ற அறிஞர் அதனை 1964இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1989இல் சான்பிரான்சிஸ்கோ நகரின் அங்கர் என்ற மதுவடிசாலை, அந்தப் பாடலை ஆதாரமாகக் கொண்டு பியரை வடித்தே பார்த்தது. அந்தப் பாட்டு இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நம்மிடமும் அதைப்போலவே செய்முறை சொல்லும் பாட்டு இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலேயே அச்சிட்டுத் தந்துவிட்டார். நாம் என்ன செய்தோம்?

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். வகுப்பில் பெரும்பாணாற்றுப்படையைப் படிப்பிக்கும்போது அந்த ஏழெட்டு அடிகளை ஒவ்வோர் ஆண்டும் தாண்டிவிடுவேன். “இது வலைஞர் விருந்து. அடுத்த பகுதிக்குப் போவோம்” என்பேன். அதற்கு நியாயமும் வைத்திருந்தேன். கசிப்பினால் சிதைந்த வீடுகளை இந்த மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் கண்ணாரக் கண்டவன் நான். தந்தையின் குடியால் பள்ளியை விட்ட பிள்ளைகளின் பெயர்கள் என் வரவுப் பதிவேட்டில் உண்டு. அவர்கள் முன்னே நின்று மது வடிக்கும் முறையைப் பாடம் சொல்வதா என்று தயங்கினேன்.

அந்தத் தயக்கத்தில் உண்மை இருந்தது. ஆனால் முழு உண்மை இருக்கவில்லை. அப்பப்பாவின் கன்னத்தில் விழுந்த அடியின் வெட்கமும் அதற்குள் ஒளிந்திருந்தது. பியரைப் பற்றிக் கேட்டால் நாகரிகமாகப் பதில் சொல்வேன். நம் வீட்டு மதுவைப் பற்றிக் கேட்டால் அப்படியொன்று இல்லை என்பேன். இது ஒழுக்கமன்று, தாழ்வு மனப்பான்மை.

மாணவன் வந்துபோன அடுத்த தவணையில் அந்த அடிகளைத் தாண்டாமல் நடத்தினேன். நல்லடையைப் புற்றுக்குள் இருக்கும் குரும்பிக்குப் புலவர் ஒப்பிடுகிறார். கறையான் கட்டும் கூட்டுச்சோறு அது. நெல்முளைக்கும் கறையான் கூட்டுக்கும் என்ன ஒப்புமை என்பது இத்தனை ஆண்டு கற்பித்த எனக்கே விளங்கியதில்லை. தம்பலகாமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், விதைக்கிறதுக்கு நெல்லை ஊறப்போட்டுச் சாக்கில கட்டி வைப்பம். ரெண்டு நாளால அவிழ்த்தா வேர் எல்லாம் ஒண்டோட ஒண்டு பின்னி அடையா இருக்கும். கையால பிய்ச்சுத்தான் எடுக்கலாம். உள்ளுக்குச் சூடாயும் இருக்கும். புத்துச்சோறு மாதிரித்தான் சேர்.”

வகுப்பு அமைதியாயிற்று. மறுநாள் வாழையிலையில் பொதிந்து ஒரு பிடி முளைநெல் கொண்டு வந்தான். வெண்ணிற வேர்கள் பின்னி, மேற்புறம் பூப்போல மலர்ந்து, உண்மையிலேயே குரும்பியைப் போலத்தான் இருந்தது. அடை என்ற சொல்லுக்கு நான் அகராதியில் தேடிய பொருளை ஒரு விவசாயியின் மகன் கையில் வைத்திருந்தான். புலவர் கண்டதும் அதையே. கைந்நுட்பத்தில் பாதி நம் வயல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மறுபாதிதான் ஏட்டில் மட்டும் கிடக்கிறது.

அன்றே திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தையும் எடுத்தேன். பாணனுக்கு மது கொடுத்து உபசரித்த சமுதாயமும், கள்ளுண்ணாமை பேசிய சமுதாயமும் ஒரே மொழியினவே. வள்ளுவர் எதைக் கண்டித்தார் என்பதை அறிய, மக்கள் எதை வடித்தார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டாமா? ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கற்பித்தால் அறிவுரை எஞ்சும், வரலாறு எஞ்சாது. மதுவரிச் சட்டம் இன்றும் இருக்கிறது என்பதையும், வீட்டில் எவரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் மாணவருக்கு அழுத்திச் சொன்னேன். முளைநெல்லை மாலையில் அந்த மாணவனே திரும்பக் கொண்டுபோய் நாற்றுமேடையில் தூவினான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக்குப் போய் என் பழைய மாணவனைக் கண்டேன். ஆங்கிலேயர் ஊர் திரும்பிவிட்டிருந்தார். “தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. எங்கட ஆக்களும் வீட்டில வடிச்சவைதான். நெல்லில வடிச்சவை. நுரை நிண்டிருக்காது, மீனோட குடிச்சவை” என்றேன். அவன் சிரித்தான். மீன் தட்டுத் துணியால் கிண்ணத்தைத் துடைத்தால் நுரை ஏன் இறங்குகிறது என்பதை என் அப்பப்பாவின் கதையோடு சேர்த்து அவனுக்குச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பின்னர் அதைத் துடைக்காமல், கவிழ்த்து வைத்தான்.